கண்ணுக்கு இடும் மருந்தும் குருதியில் ஏறும் சர்க்கரையும்

(காட்டாங்குளத்தூர் வட்டார இளைஞர்களும் உறுப்பினர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

கால் நூற்றாண்டு நிறைவைக் கொண்டாடும் ஒரு கல்விச் சங்கத்தின் மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. அம்மரபினின்றும் நாம் சற்றே விலகி, ஒரு மருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கட்டைவிரல் அளவே உள்ள சிறு புட்டி ஒன்றில் அடங்கிய கண் சொட்டு மருந்தைப் பற்றிய பேச்சு இது. கல்விச் சங்கத்திற்கும் கண் சொட்டு மருந்துக்கும் என்ன தொடர்பு என்று எண்ணுகிறவர்கள், இவ்வுரை முடிவதற்குள் அத்தொடர்பைத் தாமே உணர்வார்கள் என்று நம்புகிறோம்.

மருத்துவ அறிவு நமக்கு அயலானதன்று. ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழை 1907ஆம் ஆண்டில் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர் என்பதை நாம் அறிவோம். ஒரு கையால் நாடி பார்த்து, மறு கையால் எழுதியவர் அவர். நோயையும் அறியாமையையும் ஒரே பகையாக அவர் கண்டார் என்று கூறினால் மிகையாகாது. நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் 1893ஆம் ஆண்டிலேயே நம்மவர்க்கென இதழ் நடத்தியவர். படித்தறிய வேண்டும், படித்ததைப் பிறர்க்கும் சொல்ல வேண்டும் என்பதே அப்பெரியோர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து. அச்சொத்தை வீட்டு மருந்துப் பெட்டி வரையில் கொண்டு செல்ல வேண்டும் என்பதே இன்று நாம் கூற வந்த செய்தி.

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்க்கையிலும் இச்செய்தி தொட்டுச் செல்லும் இடம் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டு முதல் அண்ணல் நீரிழிவு நோயால் துன்புற்றார். 1954ஆம் ஆண்டில் ஜூன் முதல் அக்டோபர் வரை, மருந்துகளின் பக்க விளைவுகளாலும் பார்வைக் குறைவாலும் அவர் படுக்கையில் இருக்க நேர்ந்தது. நூல்களையே உயிராகக் கொண்டிருந்த ஒரு மனிதருக்குக் கண் மங்குவது எத்தகைய துயரம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நீரிழிவு, மருந்து, கண் என்னும் மூன்றும் ஒரே உடலில் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு அண்ணலின் இறுதி ஆண்டுகளே சான்று. நாட்டின் சட்ட அமைச்சராக இருந்த ஒருவரையே அந்நோய் அவ்வாறு வாட்டியது. அன்றாடக் கூலியை நம்பி வாழ்வோரை அது எவ்வளவு வாட்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீரிழிவு பணக்காரர் நோய் என்று ஒரு காலத்தில் கூறுவார்கள். அப்பேச்சு பொய்த்துப் போய் நெடுநாளாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரும் ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டு என்றும், மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாயிற்படியில் நிற்கின்றனர் என்றும் அது கணக்கிட்டது. தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரை நம் இருப்புப்பாதையின் இருபுறமும் உள்ள எந்தத் தெருவில் நுழைந்தாலும், ‘சர்க்கரை மாத்திரை’ இல்லாத வீட்டைக் காண்பது அரிது. சித்தாள் வேலைக்குப் போகும் தாய்க்கும் சர்க்கரை. காவலாளி வேலை பார்க்கும் தந்தைக்கும் சர்க்கரை.

நீரிழிவு உள்ளவர்க்குக் கண்ணோய் மிகுதி. மற்றவர்களினும் முன்னதாகவே அவர்களுக்குக் கண்புரை வருகிறது. விழித்திரையின் நுண்குழாய்கள் பழுதடைகின்றன. ஆகவே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு அதிகம். கண் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளில் ஸ்டீராய்டு என்னும் வகை மருந்து பெரும்பாலும் இடம்பெறும். கண்புரை அறுவை முடிந்தபின் ஏறத்தாழ எல்லோருக்கும் சில வாரங்கள் அது தரப்படுகிறது. இங்கேதான் நாம் பேச வந்த சிக்கல் எழுகிறது. கண்ணை ஆற்றுவதற்காக இடப்படும் அம்மருந்து, சிலருக்குக் குருதியில் சர்க்கரையின் அளவை உயர்த்திவிடக் கூடும்.

ஸ்டீராய்டு என்பது யாது? நம் சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி கவிழ்த்தாற்போல அட்ரினல் என்னும் சுரப்பிகள் அமர்ந்துள்ளன. அவை நாள்தோறும் கார்ட்டிசால் என்னும் பொருளைச் சுரக்கின்றன. பசி, காய்ச்சல், காயம், அச்சம் ஆகிய நெருக்கடிகளைத் தாங்க உடலுக்கு அப்பொருள் இன்றியமையாதது. அதனையொத்த பொருள் ஒன்றை 1948ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தனர். 1950ஆம் ஆண்டில் அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் என்னும் இரு அறிஞர்களுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதன்பின் இக்குடும்பத்து மருந்துகள் பலவாகப் பெருகின. வீக்கம், சிவப்பு, எரிச்சல் ஆகியவற்றைத் தணிப்பதில் அவற்றுக்கு இணை இல்லை. கண்ணின் உட்பகுதி அழற்சியுற்றால் ஸ்டீராய்டு இன்றிப் பார்வையைக் காப்பது பல வேளைகளில் இயலாது. ஆகவே இம்மருந்தைப் பழிப்பது எமது நோக்கமன்று என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறோம்.

ஆயினும் நெருக்கடிக் காலத்தில் உடலுக்கு எரிபொருள் தருவதற்கென அமைந்த இப்பொருள், தன் இயல்பின்படியே சர்க்கரையை ஏற்றுவது. மூன்று வழிகளில் அது இவ்வேலையைச் செய்கிறது. முதலாவதாக, கல்லீரலைத் தூண்டிப் புதிதாகச் சர்க்கரை செய்து குருதியில் விடச் செய்கிறது. இரண்டாவதாக, தசைகள் இன்சுலினின் சொல்லைக் கேளாதபடி செய்துவிடுவதால், குருதியில் உள்ள சர்க்கரை தசைக்குள் புகாமல் வெளியிலேயே நிற்கிறது. மூன்றாவதாக, இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் வேலையையும் சற்றே மந்தப்படுத்துகிறது. நலமாக உள்ளவரின் கணையம் கூடுதலாக உழைத்து இதனைச் சரிக்கட்டிக்கொள்ளும். நீரிழிவாளரின் கணையமோ ஏற்கெனவே களைத்துப் போனது. ஏறிய சுமையின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றினால் வண்டி நிற்காதா?

“மாத்திரை விழுங்கினால் இவ்வாறு ஆகலாம், கண்ணில் விடும் ஒரு சொட்டு மருந்து உடல் முழுவதற்கும் எப்படிப் போகும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. கண் மருந்து விட்டுக்கொண்ட சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்புத் தட்டுவதை உங்களில் பலர் உணர்ந்திருப்பீர்கள். அக்கசப்பே இக்கேள்விக்கு விடை. கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்கிற்கு ஒரு நுண்குழாய் செல்கிறது. நாம் அழும்போது மூக்கிலும் நீர் வடிவது அவ்வழியாகத்தான். கண்ணில் இட்ட மருந்தும் அதே வழியாக மூக்கிற்குள் இறங்குகிறது. மூக்கின் உட்சவ்வு குருதிக் குழாய்கள் நிறைந்தது. அங்கிருந்து மருந்து நேரே குருதியில் கலந்துவிடுகிறது.

அளவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு துளி என்பது ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர், 20 துளி சேர்ந்தால் 1 மில்லிலிட்டர். கண்ணிமைக்குள் தங்கக் கூடிய இடமோ அதிகமாகப் போனால் 0.03 மில்லிலிட்டர். ஆகவே ஒரு துளியே கண்ணுக்கு மிகுதி; இரண்டாவது துளி கன்னத்திற்கும் மூக்கிற்கும்தான் போய்ச் சேரும். வழக்கமாக எழுதப்படும் பிரட்னிசொலோன் 1 விழுக்காடு மருந்தில் ஒரு துளிக்கு 0.5 மில்லிகிராம் மருந்து உள்ளது. ஒரு கண்ணுக்கு நாளைக்கு 4 முறை என்றால் 2 மில்லிகிராம். அழற்சி கடுமையாக இருக்கும்போது இரு கண்களுக்கும் மணிக்கொரு முறையாக 12 முறை விட்டால் 24 துளி, அதாவது 12 மில்லிகிராம். நம் உடல் தானே ஒரு நாளில் சுரந்துகொள்ளும் அளவோ ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரட்னிசொலோனுக்கே ஈடாகும். இட்ட மருந்து முழுவதும் குருதியை அடைவதில்லை என்பது உண்மை. எனினும் இது ‘வெறும் சொட்டு’ என்று ஒதுக்கத்தக்கது அன்று என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. நெடுநாள் கண் மருந்து விடப்பட்ட சிறு குழந்தைகள் சிலர்க்கு, மாத்திரை தின்றவர்க்கு வருவதுபோலவே முகம் உப்பிய நிலை ஏற்பட்டதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன.

இவ்விடத்தில் யாரும் அஞ்சிவிடக் கூடாது. ஸ்டீராய்டு கண்ணுக்குச் செல்லும் வழிகள் பல. எல்லா வழியும் ஒரே அளவில் சர்க்கரையை ஏற்றுவதில்லை. நாளைக்கு நான்கு முறை சொட்டு விடுவதால் பெரும்பாலோர்க்குச் சர்க்கரை சிறிதே ஏறும், அல்லது ஏறவே ஏறாது. மருந்து குறையக் குறைய அதுவும் தணிந்துவிடும். சர்க்கரை முன்னமே கட்டுக்கு அடங்காமல் இருப்பவர்களும், இரு கண்களுக்கும் அடிக்கடி மருந்து விட வேண்டியவர்களும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கண்ணின் பக்கவாட்டில் ஊசி போட்டால் அம்மருந்து சில நாட்களுக்குச் சர்க்கரையைத் தெளிவாகவே உயர்த்தக் கூடும். விழியின் உள்ளேயே செலுத்தும் ஊசியில் அளவு மிகச் சிறிதாகையால் உடலுக்குப் போவது குறைவு. மாத்திரையாகக் கொடுத்தால் ஏற்றம் உறுதி என்றே கொள்ளலாம். பார்வை நரம்பு அழற்சிக்கு நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் மூன்று நாட்கள் நரம்பு வழியே செலுத்தும் முறையும் உண்டு. அப்போது நீரிழிவாளரை மருத்துவமனையிலேயே வைத்துச் சர்க்கரையை அடிக்கடி அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் நடந்ததை இங்கே கூறுவது பொருந்தும். அவருடைய தாயார் அறுபது வயதைக் கடந்தவர். பல்லாண்டுகள் வயல் வேலையும் பின்னர்க் கட்டட வேலையும் செய்தவர். ஒரு கண்ணில் புரை அறுவை நன்றாகவே முடிந்தது. பின்னர்க் கண்ணில் அழற்சி கண்டதால், பக்கவாட்டில் ஓர் ஊசி போட்டு, மணிக்கொரு முறை சொட்டு விடச் சொல்லி அனுப்பினார்கள். பத்து நாளில் அவருக்குத் தாகம் மிகுந்தது. இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியதாயிற்று. சோதித்தபோது சர்க்கரை முன்னிருந்ததைவிட வெகுவாக ஏறியிருந்தது. வீட்டார் என்ன செய்தார்கள்? “ஒளித்து வைத்து இனிப்புத் தின்கிறாய்” என்று அம்மூதாட்டியை ஏசினார்கள். அவரோ கண்ணீர் விட்டாரேயன்றி வேறு பேசத் தெரியவில்லை. பின்னர் யாரோ ஒருவர் “சொட்டு மருந்துதான் காரணம்” என்று சொல்ல, அன்றே மருந்தை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் கண் மீண்டும் சிவந்து வலித்தது. நல்வேளையாகக் காலங்கடவாமல் மருத்துவமனைக்குத் திரும்பிச் சென்றதால் பார்வை பிழைத்தது.

இந்நிகழ்ச்சியில் யாரையும் குற்றவாளியாக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் எங்கெங்கே முடிச்சு விழுந்தது என்பதைக் காண வேண்டும். கண் மருத்துவர் சர்க்கரையைப் பற்றி அறுவைக்கு முன் கேட்டார். பின்னர் எழுதிய மருந்தைச் சர்க்கரை மருத்துவரிடம் காட்டச் சொல்லி எவரும் அனுப்பவில்லை. சர்க்கரை மாத்திரை வாங்கும் இடத்தில், கண்ணுக்கு மருந்து விடுகிறேன் என்று அவ்வம்மையார் சொல்லவில்லை. கண் மருந்தையும் மருந்து என்று சொல்ல வேண்டும் என அவருக்கு யாரும் கூறியதில்லை. அறுவைக்குப் பின் அவர் நடமாடாமல் படுத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் ரொட்டியும் பழச்சாறும் கொணர்ந்து குவித்தார்கள். சர்க்கரை ஏறியதற்கு இவையும் காரணமே. மருந்து ஒன்றையே காரணமாக்குவதும் தவறு. மருந்தை அறவே மறந்துவிடுவதும் தவறு. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியைத் திருடியைப் போல நடத்தியது பெருந்தவறு. அறியாமை முதலில் அடிப்பது வீட்டிலுள்ள எளியவரையே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

ஸ்டீராய்டையும் சர்க்கரையையும் சேர்த்து நோக்காவிட்டால் கண்ணுக்கு என்ன நேரும் என்பதை நம் நாடு 2021ஆம் ஆண்டில் பேரிழப்போடு கற்றுக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டு, 2020 ஜூன் திங்களில், டெக்ஸாமெத்தசோன் என்னும் மலிவான ஸ்டீராய்டு கொரோனா கடுமையாகத் தாக்கியோரின் இறப்பைக் குறைக்கிறது என்று இங்கிலாந்தில் நடந்த ஆய்வு காட்டிற்று. நாளைக்கு 6 மில்லிகிராம், பத்து நாட்கள். அதுவும் மூச்சுக்காற்று தேவைப்படும் நோயாளிகளுக்கு மட்டும் என்பதே அளவு. அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் தேவையற்றவர்களும் அதனை விழுங்கினர். அளவுக்கு மீறியும் நாளுக்கு மீறியும் விழுங்கினர். சர்க்கரையைச் சோதிப்பார் இல்லை. விளைவாகக் கரும்பூஞ்சை நோய் பரவிற்று. மூக்கில் தொடங்கிக் கண்குழிக்கும் மூளைக்கும் ஏறும் நோய் அது. உயிரைக் காக்கப் பலருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. 2021 மே திங்களில் தமிழ்நாடு அரசு அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. 2021 ஜூன் இறுதியில் ஒன்றிய அரசு தந்த கணக்கின்படி நாட்டில் 40,845 பேரை அந்நோய் பற்றியிருந்தது. அவர்களுள் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் நீரிழிவாளர். பாதிக்கு மேற்பட்டோர் ஸ்டீராய்டு உட்கொண்டவர்.

அங்கே நேர்ந்தது சொட்டு மருந்தால் அன்று. மாத்திரையாலும் ஊசியாலும் என்பதை மறக்கக் கூடாது. சொட்டு மருந்து விடுகிறவர்களுக்குக் கரும்பூஞ்சை வந்துவிடும் என்று எவரும் திரித்துச் சொல்லிவிட வேண்டாம். ஆனால் பாடம் ஒன்றே. ஸ்டீராய்டு கொடுக்கும் கையும் சர்க்கரையை அளக்கும் கையும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். ஒன்று அறியாதிருப்பின் மற்றது செய்த நன்மையும் வீணாகும்.

இனி நாம் செய்யத்தக்கவை யாவை என்பதைக் கூறுகிறோம். இளைஞர்கள் இதனை உற்றுக் கேட்க வேண்டும்.

முதலாவது, புட்டியின் மேல் உள்ள பெயரைப் படிக்க வேண்டும். பிரட்னிசொலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரட்னால், டைஃப்ளூபிரட்னேட் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு மருந்து. கிருமிக்கொல்லி மருந்தோடு சேர்த்து ஒரே புட்டியில் அடைத்தும் விற்கிறார்கள். பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரைப் பார்த்து நின்றுவிடாமல், சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைத் தேடிப் படிக்க வேண்டும். அவ்வெழுத்து ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தாற்போல இருக்கும். புரை விழுந்த கண்ணால் அதனைப் படிக்க இயலாது. பள்ளி சென்ற பிள்ளையின் கண்ணே பாட்டியின் கண்ணாக வேண்டிய இடம் இதுவே.

இரண்டாவது, இரு மருத்துவர்களிடமும் சொல்ல வேண்டும். கண் மருத்துவரிடம், “எனக்குச் சர்க்கரை இத்தனை ஆண்டுகளாக உண்டு, இன்ன மாத்திரை அல்லது இன்சுலின் எடுக்கிறேன், கடைசியாகப் பார்த்த அளவு இது” என்று கூற வேண்டும். சர்க்கரைக்கு மருந்து தரும் மருத்துவரிடம், “கண்ணுக்கு இம்மருந்தை இத்தனை முறை விடுகிறேன், ஊசியும் போட்டார்கள்” என்று கூற வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டு முதல் நடைபெற்று வருகிறது. அதன்வழி வீடு தேடி மாத்திரை கொணரும் பணியாளரிடமும் இதனைச் சொல்லலாம். மூட்டுக்குப் போட்ட ஊசி, இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து, தோலுக்குப் பூசும் களிம்பு ஆகியவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். அவற்றையும் மறைக்காமல் கூற வேண்டும்.

மூன்றாவது, மருந்து விடும் நாட்களில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். மருந்து தொடங்கும் முன் ஒரு முறையும், தொடங்கிய முதல் வாரத்தில் மருத்துவர் சொல்லும் கணக்கில் சில முறையும் பார்ப்பது நலம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. காலையில் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குவோர்க்கு, வெறும் வயிற்றில் எடுக்கும் சோதனை செவ்வையாகவே காட்டலாம். பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரை ஏறி நிற்கும். ஆகவே காலைச் சோதனை ஒன்றை மட்டும் நம்பாமல், உணவுக்குப் பின்னும் பார்க்க வேண்டும். அளவு 300க்கு மேல் தொடர்ந்து நின்றாலோ, அடங்காத தாகம், வாந்தி, மயக்கம் கண்டாலோ காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஸ்டீராய்டுக்காகச் சர்க்கரை மருந்தைக் கூட்டியிருந்தால், ஸ்டீராய்டைக் குறைக்கும்போது இதனையும் குறைக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறவாதீர். இல்லையேல் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

நான்காவது, மருந்து விடும் முறை. கையைக் கழுவுக. கீழிமையை இழுத்து ஒரே துளி விடுக. உடனே கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரல் நுனியால் இரண்டு மூன்று நிமிடம் மென்மையாக அழுத்துக. மூக்கிற்குச் செல்லும் குழாயின் வாய் அடைபடும். மருந்து கண்ணில் தங்கும். உடலுக்குப் போவது குறையும். வழிந்ததைத் துடைத்துவிடுக. இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து விடுக. காசு செலவில்லாத முறை இது; ஒரு புட்டி மேலும் சில நாட்களுக்கு வரும் என்பதும் ஓர் ஆதாயம். புதிதாக அறுவை செய்த கண்ணாயின் எவ்வாறு அழுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நன்று.

ஐந்தாவது, தாமாகத் தொடங்கவும் கூடாது. தாமாக நிறுத்தவும் கூடாது. ‘மெட்ராஸ் ஐ’ வந்துவிட்டால் மருந்துக் கடைக்கு ஓடி, “சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து கொடுங்கள்” என்று கேட்பது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. ஸ்டீராய்டு இரண்டே நாளில் சிவப்பை மறைத்துவிடும். உள்ளே உள்ள நோயை மறைத்தே வளர்க்கவும் செய்யும். நெல் தூற்றும்போது உமி பட்டோ, கரும்புத் தோகை கிழித்தோ வரும் கருவிழிப் புண்ணில் ஏறத்தாழ பாதிக்குப் பூஞ்சையே காரணம் என்று நம் தமிழ்நாட்டு மருத்துவர்களின் ஆய்வு காட்டியுள்ளது. அப்புண்ணில் ஸ்டீராய்டு விடுவது எரியும் கூரையில் எண்ணெய் ஊற்றுவதாகும். நெடுநாள் விட்டால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறி, நீர் அழுத்த நோய் வந்து, பார்வை ஓசையின்றிப் போய்விடும். அதுபோலவே, மருத்துவர் எழுதித் தந்த மருந்தைச் சர்க்கரைக்கு அஞ்சித் திடீரென நிறுத்துவதும் கண்ணைக் கெடுக்கும். சர்க்கரை ஏறினால் சர்க்கரைக்கு வைத்தியம் செய்ய வழி உண்டு. போன கண்ணை மீட்க வழி இல்லை.

இன்னும் ஒன்று. சர்க்கரை ஏறி இறங்கும் நாட்களில் பார்வையும் மங்கித் தெளியும். விழியாடியின் நீர்ப்பாங்கு மாறுவதே காரணம். அந்நாட்களில் அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்கிக் காசைத் தொலைக்க வேண்டாம். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்தபின் அளவெடுத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் நன்று, ஆனால் மருத்துவரிடம் எப்படிக் கேட்பது என்னும் தயக்கம் நம்மவர்களிடம் உண்டு. அத்தயக்கம் தானாக வந்ததன்று. கேள்வி கேட்கும் உரிமையே நமக்கு இல்லை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்க்கப்பட்டதன் எச்சம் அது. சீட்டை வாங்கிக்கொண்டு, குனிந்த தலையோடு வெளியேறும் நம் தாய்மார்களின் பணிவில் அந்தப் பழைய அச்சம் ஒளிந்திருக்கிறது. அந்த அச்சத்தின் விலை இங்கே ஒரு கண். நோயாளி கேட்பது உரிமை. மருத்துவர் விளக்குவது கடமை. நல்ல மருத்துவர் எவரும் அதற்குச் சினங்கொள்ளார். கேட்க வேண்டியவை நான்கே: இம்மருந்தில் ஸ்டீராய்டு உண்டா? எத்தனை நாள் விட வேண்டும்? எப்படிக் குறைத்து நிறுத்த வேண்டும்? என் சர்க்கரையை எப்போது சோதிக்க வேண்டும்? இந்நான்கையும் ஒரு தாளில் எழுதி, பெரியவரோடு துணைக்குச் செல்லும் இளைஞர் கையில் வைத்திருந்தால் போதும்.

நல்ல மருத்துவத்திற்கு நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் இருப்புப்பாதையின் ஒரு பக்கம் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மறு பக்கம் எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை. பின்னது 1819ஆம் ஆண்டிலேயே சென்னையில் தொடங்கப்பெற்று, இருநூறாண்டுகளைக் கடந்து நிற்பது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. சர்க்கரைச் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யப்படுகிறது. வாயில்கள் திறந்தே உள்ளன. உள்ளே செல்கிறவர் தம் நோயையும் தம் மருந்தையும் அறிந்தவராகச் செல்ல வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் ஒரு சிறு திட்டத்தை முன்மொழிகிறோம். நம் சங்கத்தின் உதவியால் படித்த ஒவ்வோர் இளைஞரும், ஒவ்வோர் இளம்பெண்ணும், தம் தெருவில் உள்ள ஐந்து வீடுகளின் மருந்துகளைப் படித்து எழுதித் தரும் பொறுப்பை ஏற்க வேண்டும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வீட்டுக்கு ஒன்றாகப் போதும். அதில் நோயாளியின் பெயர், நோய், விழுங்கும் மருந்து, கண்ணில் இடும் மருந்து, சர்க்கரை பார்த்த நாள், அதன் அளவு ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் அந்நோட்டு உடன் செல்ல வேண்டும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. அதில் நாம் தலையிடலாகாது. படிப்பதும், எழுதுவதும், நினைவூட்டுவதும் நம் வேலை.

பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அரசுப் பணியில் அமர்ந்தோர் எத்தனை பேர் என்னும் கணக்கு இம்மலரின் வேறு பக்கங்களில் இடம்பெறும். அது நமக்குப் பெருமையே. அக்கணக்கோடு, நம் தெருக்களில் காப்பாற்றப்பட்ட கண்கள் எத்தனை என்னும் கணக்கையும் அடுத்த விழா மலரில் அச்சிடும் நிலை வரவேண்டும். படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருக்க, படிக்கத் தெரியாத காரணத்தால் ஒரு தாய் கண்ணை இழந்தாள் என்னும் சொல் இனி இவ்வட்டாரத்தில் எழலாகாது.